இடது பின்கதவுப் பட்டை

கடற்கரைப் பக்கம் கார் வைத்திருப்பவர்கள் வாரம் ஒரு தடவையாவது அதை நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும். உப்புக்காற்று முதலில் தின்பது பெயின்ட்டை அல்ல, வெளியே மினுங்குகிற சாமான்களைத்தான். வாசலில் நிற்கிற உங்கள் ஜீப்பின் விளக்கு வளையத்தைப் பார்த்தேன், இன்ஸ்பெக்டர். புள்ளி புள்ளியாகப் பொரிந்திருக்கிறது. இப்போதே கவனித்தால் காப்பாற்றலாம்.

சட்டையில் ஜெயராஜ் என்று பெயர் பார்த்ததும் எனக்கு ஒரு ஆறுதல். தமிழிலேயே சொல்லலாம் என்றீர்கள். ஆங்கிலத்திலும் சொல்வேன்தான், ஆனால் சில விஷயங்கள் தமிழில் சொன்னால்தான் சரியாக வரும். அவசரமில்லை என்றும் சொன்னீர்கள். அதனால் காரிலிருந்தே தொடங்குகிறேன். காரைச் சொல்லாமல் கன்னையாவைச் சொல்ல முடியாது.

நான் நில அளவை ஆபீஸில் படம் வரைகிற வேலையில் இருந்தவன். கல்யாணமான புதிதில் ஒரு ஃபோர்ட் ஸோடியாக் வாங்கினேன். மேலே கிரீம் கலர், கீழே கரும்பச்சை. இரண்டு கலரும் சேருகிற இடத்தில் முன்விளக்கிலிருந்து வால்விளக்கு வரை வெள்ளிக்கோடு போல ஒரு பட்டை ஓடும். பிரிக்பீல்ட்ஸில் அந்தக் காலத்தில் அப்படி ஒரு கார் தெருவில் திரும்பினால் ஆட்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். நானும் என் மனைவி குணேஸ்வரியும் அதில்தான் கோயிலுக்குப் போவோம்.

எழுபத்தொன்றாம் வருஷ வெள்ளத்தில் அது மூழ்கிவிட்டது. கிள்ளானில் ஒரு பட்டறையில் இழுத்துக்கொண்டுபோய் விட்டேன். என்னை அப்போது குவாந்தானுக்கு மாற்றியிருந்தார்கள். திரும்பி வந்து பார்த்தபோது எஞ்சின் இருந்தது, சீட் இருந்தது. வெளிப்பக்கம் மட்டும் மொட்டையாக நின்றது. கிரில் இல்லை, பம்பர் இல்லை, விளக்கு வளையம், பெயர்ப் பலகை, வீல் கப், பக்கப் பட்டைகள் ஒன்றும் இல்லை. பட்டறைக்காரன் ஒவ்வொன்றாகக் கழற்றி விற்றிருந்தான். நான் அவனை ஒன்றும் செய்யவில்லை. நான் திரும்பி வருவதற்கு முந்தின வருஷமே அவன் செத்துப்போயிருந்தான்.

ஓய்வு பெற்ற பிறகு அந்தக் காரை முன்பு இருந்த மாதிரியே திருப்பி எடுப்பது என்று முடிவு செய்தேன். அதில் தப்பு ஒன்றும் இல்லையே. ஓய்வு பெற்றவர்கள் பூச்செடி வளர்க்கிறார்கள், சீட்டாடுகிறார்கள். நான் ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து கிள்ளான் வரைக்கும் உள்ள பழைய இரும்புக் கடைகளில் குனிந்து தேடினேன். கிரில் ஒரு கோழிப்பண்ணையில் கிடைத்தது. அதைக் கூண்டுக்குக் கதவாக வைத்திருந்தார்கள். பம்பர் ஒரு லோரிக்காரரிடம் இருந்தது. எல்லாம் அசல். பின்பக்கம் கம்பெனி முத்திரை இல்லாத எதையும் நான் காரில் வைக்க மாட்டேன். இந்த ஊரில் எதையும் அச்சடித்தது போலச் செய்து தருவார்கள். ஆனால் அது அதுவாக இருக்காது.

வீட்டுப் போர்ச்சில்தான் வேலை. நெளிந்த பட்டையைச் சரிசெய்வது முரட்டு வேலை இல்லை. பட்டையைக் கவிழ்த்து மரக்கட்டைமேல் வைத்து, உள்பக்கத்திலிருந்து சின்னச் சுத்தியலால் மெதுவாகத் தட்டித் தட்டிப் பள்ளத்தை மேலே கொண்டுவர வேண்டும். பிறகு அரம், பிறகு தண்ணீர் விட்டுத் தேய்க்கிற தாள், கடைசியில் துணிச்சக்கரத்தில் பாலிஷ். பொறுமை இருந்தால் போதும். என்னைப் பொறுமைசாலி என்றுதான் ஆபீஸில் எல்லாரும் சொல்வார்கள். வேண்டுமானால் விசாரித்துப் பாருங்கள்.

குணேஸ்வரி என்னை விட்டுப் போனதைப் பற்றிக் கேட்டீர்கள். அவள் உங்களிடம் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது. நடந்தது இதுதான். விளக்கு வளையம் ஒன்றை நான் முடித்து, துணியில் சுற்றி வைத்திருந்தேன். நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவள் அதை எடுத்துச் சட்டி தேய்க்கிற கம்பிநாரால் தேய்த்துவிட்டாள்.

"இஞ்ச பாருங்கோ, உங்கட வளையத்தை நானும் மினுக்கி வைச்சிருக்கிறன்" என்று சிரித்துக்கொண்டே காட்டினாள்.

உதவியாகத்தான் செய்தாள். நான் அதை மறுக்கவில்லை. வளையம் முழுக்க நகம் கீறியது போலக் கோடு. நான் சத்தம் போடவில்லை. அவள் கையைப் பிடித்து, காரின் முன்கதவு ஓரத்தில் வைத்து, கதவைச் சாத்தினேன். கதவு கனம், ஆனாலும் மெதுவாகத்தான் சாத்தினேன். விரல்கள் எப்படி மடங்குகின்றன, ஒரு பொருள் கெட்டுப்போனால் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பிறகு நானே கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். டாக்டரிடம் அவளேதான் கதவில் மாட்டிக்கொண்டேன் என்று சொன்னாள். ஒருவகையில் அதுவும் உண்மைதான். அடுத்த வாரம் அவள் கிள்ளானில் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். நான் தடுக்கவில்லை. போர்ச்சில் இடம் தாராளமாகக் கிடைத்தது.

ஸ்ரீ கெம்பாங்கானில் குரோம் பூசுகிற ஆ கியோங் உங்களிடம் புகார் கொடுத்திருக்கிறான் போலிருக்கிறது. அவன் நல்ல மனுஷன். பின்பக்கப் பெயர் எழுத்தைப் பூசுவதற்குக் கொடுத்தேன். எனக்குப் பளபளப்பு கூட இருக்கட்டும் என்று அவன் தானாக ரொம்ப நேரம் பாலிஷ் பிடித்து, எழுத்தின் விளிம்பையே கரைத்துவிட்டான். "பாஸ், சூப்பர் ஷைனிங் லா" என்று நீட்டினான். அவன் கையைப் பிடித்து, ஓடிக்கொண்டிருந்த பாலிஷ் சக்கரத்தில் கொஞ்ச நேரம் வைத்தேன். அது துணிச்சக்கரம், இன்ஸ்பெக்டர். வெட்டாது. சூடு மட்டும்தான். தோல் போனால் தோல் வரும். விளிம்பு போனால் வராது. அதைத்தான் அவனிடமும் சொன்னேன்.

இப்படியே எல்லாம் சேர்ந்துவிட்டது. ஒன்றே ஒன்று பாக்கி. இடது பின்கதவுப் பட்டை. அது இல்லாமல் அந்த வெள்ளிக்கோடு நடுவில் அறுந்து நிற்கும். காலையில் எழுந்து போர்ச்சுக்கு வந்தால் என் கண் நேராக அங்கேதான் போகும். சாப்பிடும்போதும் எனக்கு அந்த வெட்டுதான் தெரியும். ஒருத்தன் செய்து தருகிறேன் என்று செய்துகொண்டு வந்தான். தொட்டுப் பார்த்தாலே தெரிந்தது, தகடு மெலிசு. அவன் கண்ணெதிரிலேயே அதை மிதித்து மடக்கினேன்.

கன்னையாவைப் பற்றி எனக்குச் சொன்னது ஒரு லோரி டிரைவர். தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு கம்பத்தில், கடலோரக் கிராமத்தில், ஒரு வயதானவர் பழைய ஸோடியாக் ஒன்றைக் கொட்டகையில் வைத்திருக்கிறார் என்றான். அடுத்த ஞாயிறே என் சின்ன டட்சனில் போனேன். ஸோடியாக்கை அந்தப் பக்கம் கொண்டுபோகவில்லை. காற்றில் உப்பு இருக்கும்.

அவர் கேரி தீவுத் தோட்டத்தில் பெரிய துரைக்கு டிரைவராக இருந்தவர். துரை நாட்டை விட்டுப் போகும்போது காரை இவருக்கே கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். மனைவி பவுனம்மாள் இறந்துவிட்டாள். ஒரே மகள் தனலெட்சுமி, அங்கே ஒரு ஃபாக்டரியில் வேலை செய்கிறாள். கொட்டகைக்குள் கண் பழகியதும் நான் முதலில் பார்த்தது இடது பின்கதவைத்தான். பட்டை இருந்தது. ஒரு நெளிவு இல்லை. நான் விரலால் தடவிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் தடவினேன் என்று தெரியாது. கன்னையா பக்கத்தில் வந்து, "ஏன் சார், ஒடம்புக்கு முடியலையா?" என்று கேட்டார்.

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே மறுக்கவில்லை.

"குடுக்கக் கூடாதுன்னு இல்ல சார். பாப்பாவுக்குக் கல்யாணம் வச்சிருக்கு. இந்தக் காடியிலதான் மண்டபத்துக்குப் போவணும்னு அவ அம்மா சொல்லிச் சொல்லிச் செத்துப்போனா. அது முடியட்டும். அப்புறம் நீங்களே வந்து கழட்டிக்குங்க. எனக்கு எதுக்கு?"

நியாயமான பேச்சு. நானும் ஒத்துக்கொண்டேன். என்னை வெறிபிடித்தவன் என்று யாரும் சொல்ல முடியாது. கல்யாணம் முடியும் வரை காத்திருக்கிறேன் என்று கைகொடுத்தேன். ஒரு நிபந்தனைதான் வைத்தேன்.

"கழட்டிறது நான்தான், கன்னையா. நீங்கள் கை வைக்கக் கூடாது. கதவுக்கு உள்பக்கம் கிளிப் இருக்கு. அதைக் கழட்டி விட்டால்தான் பட்டை வரும். வெளியால நெம்பினா நெளிஞ்சிரும்."

"எனக்கெதுக்கு சார் அந்த வேலை" என்றார்.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போனேன். பட்டையைப் பார்க்க. அவர் என்னைக் கண்டால் சந்தோஷப்படுவார். துரைகளைப் பற்றி, தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார். நான் அதிகம் கேட்கவில்லை. தனலெட்சுமி கோப்பி கொண்டுவந்து தருவாள். நல்ல பெண். என்னை அங்கிள் என்று கூப்பிடுவாள். கல்யாணப் பத்திரிகையை என் கையில் முதலில் கொடுத்ததும் அவள்தான்.

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு. வீட்டு வாசலில் பந்தல் போட்டுக்கொண்டிருந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு ஆட்கள் கலைந்திருந்த நேரம். கன்னையா என் டட்சனைப் பார்த்ததும் வேகமாக வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்படி அவர் முன்பு பிடித்ததில்லை.

"வாங்க சார், ஒங்களுக்கு ஒன்னு வச்சிருக்கேன்."

கொட்டகைக்குக் கூட்டிப்போனார். காரின் மேல் ஒரு புதுத் துண்டில் சுற்றி ஏதோ வைத்திருந்தார். நீளத்தைப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது.

"ஒவ்வொரு வாரமும் வந்து அதத் தடவிப் பாத்துட்டு ஒன்னும் பேசாமப் போறீங்க. ஒங்க மொகத்தப் பாக்க முடியல சார். காலையிலதான் எடுத்தேன். காடிக்கு அந்தப் பக்கம் ஒரு பூமாலையத் தொங்கவுட்டா யாருக்குத் தெரியப்போவுது? பாப்பாகிட்டச் சொன்னேன், அங்கிளுக்குக் குடுங்கப்பான்னுட்டா."

துண்டைப் பிரித்தேன். டயர் கழற்றுகிற இரும்பை வெளியிலிருந்து கொடுத்து நெம்பியிருந்தார். நடுவில் ஒரு மடிப்பு. ஓரத்தில் இன்னொன்று. இரும்பு வழுக்கிய இடத்தில் ஆழமாக ஒரு கீறல். அந்த இரும்பு மட்கார்டு பக்கத்தில் தரையிலேயே கிடந்தது.

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சந்தோஷப்படுவேன் என்று காத்திருந்தார்.

பட்டையைக் கீழே கிடந்த ஒரு சாக்கின் மேல் பத்திரமாக வைத்துவிட்டு, இரும்பை எடுத்து அவரை அடித்தேன். முதல் அடி காதுக்கு மேலே விழுந்தது. அவர் கையைத் தூக்கவில்லை. என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரியவில்லை என்று நினைக்கிறேன். "சார்" என்று மட்டும் சொன்னார், கேள்வி கேட்பது போல. பிறகு தோளில், பிறகு மறுபடி தலையில். எலும்பு உடைகிற சத்தம் பெரிதாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. அவர் பின்சக்கரத்தோடு சாய்ந்து உட்கார்ந்து, பிறகு சரிந்தார். நான் அடித்த எந்த அடியும் காரின்மேல் படவில்லை. நீங்கள் அந்தக் காரைப் பார்த்திருப்பீர்கள். ஒரு கீறல் உண்டா?

இதுவரைக்கும் உங்களுக்கே தெரியும். நீங்கள் எழுதி வைத்திருப்பதையும் படித்துக் காட்டினீர்கள். திடீர்க் கோபத்தில் நிதானம் தவறி அடித்துவிட்டதாக. நல்லெண்ணத்தில்தான் எழுதியிருக்கிறீர்கள். அப்படியே சொன்னால் தூக்குக் கயிற்றிலிருந்து தப்பலாம் என்று வக்கீலும் சொன்னார். ஆனால் அது நடந்தது இல்லை. நடந்ததைப் போல ஒன்று. அதில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

நீங்கள் கேட்ட கேள்வி, அவர் ரொம்ப நேரம் உயிரோடு இருந்திருக்கிறாரே, ஏன் யாரையும் கூப்பிடவில்லை என்பது. பிரேதத்தைப் பார்த்த டாக்டர் சொன்னது சரி. உயிரோடுதான் இருந்தார். மூச்சு நீளமாக, ஈரமாக வந்துகொண்டிருந்தது. நான் கிளிப்புகளைத் தேடிக்கொண்டிருந்தேன். வெளியிலிருந்து நெம்பினால் கிளிப் உள்ளே தெறித்து விழும். கதவின் உள்தட்டியைக் கழற்றி ஒவ்வொன்றாக எடுத்தேன். அந்தக் கிளிப்பும் இப்போது எங்கும் கிடைக்காது.

அப்போதுதான் தனலெட்சுமி கோப்பி கொண்டு வந்தாள். சிலிப்பர் சத்தம் கேட்டு நான் கொட்டகை வாசலுக்கே போய்விட்டேன். உள்ளே இருட்டு. கார் மறைத்துக்கொண்டிருந்தது.

"அங்கிள், கோப்பி. அப்பா எங்க?"

"பக்கத்துக் கடைக்குப் போயிருக்கார், ஆணி வாங்க."

"பட்டையப் பாத்தீங்களா? காலையில இருந்து தவியாத் தவிச்சாரு, நீங்க எப்ப வருவீங்கன்னு."

"பார்த்தேன், பிள்ளை."

அவர் மூச்சுச் சத்தம் கேட்டது. அவளும் கேட்டாள். தலையைச் சாய்த்து, "என்ன அங்கிள் சத்தம்?" என்றாள்.

"டயரில காத்து இறங்குது. வேற ஒண்டும் இல்லை."

அவள் ஒரு கையில் மருதாணி போட்டிருந்தாள். இன்னும் முழுக்கக் காயவில்லை. அந்தக் கையோடு கொட்டகைக்குள் வந்து எதையாவது தொட்டால் வீணாகிவிடும், உள்ளே போய் உட்கார் என்று சொன்னேன். அவள் சிரித்துவிட்டுப் போனாள். அவளைக் காக்க வேண்டும் என்ற எண்ணம் அந்த நேரத்திலும் எனக்கு இருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள். கோப்பியைக் குடித்து முடித்தேன். நல்ல சூடு.

திரும்பி உள்ளே போனபோது கன்னையா கண்ணைத் திறந்திருந்தார். அவள் குரல் அவர் காதில் விழுந்திருக்க வேண்டும். "பாப்பாவக் கூப்பிடுங்க சார்" என்றார். தெளிவாகவே சொன்னார். அவர் ஒரு கையை ஊன்றி, கொட்டகை வாசல் பக்கம் தன்னை இழுத்துக்கொண்டு நகர ஆரம்பித்தார். பட்டை வைத்திருந்த சாக்கு வழியில் இருந்தது. அவர் கை, இரத்தத்தோடு, பட்டையின்மேல் விழுந்தது. அதை அழுத்தி எழப் பார்த்தார். அவருடைய பாரம் முழுக்க அந்த மடிப்பின்மேல் இறங்கியது. இன்னும் கொஞ்சம் அழுத்தினால் தகடு கிழிந்துவிடும். கிழிந்தால் எந்தச் சுத்தியலாலும் அதைச் சேர்க்க முடியாது.

அப்போது என்னிடம் கோபம் இல்லை, இன்ஸ்பெக்டர். இதைத்தான் நீங்கள் சரியாக எழுத வேண்டும். நான் முதலில் அவர் கையைப் பட்டையிலிருந்து எடுத்து, ஒதுக்கி வைத்தேன். பட்டையைத் தூக்கிக் காரின் சீட்டில் வைத்தேன். பிறகு அவர் தலைக்குப் பின்னால் போய் நின்று, இடம் பார்த்து, இரும்பைக் கீழே கொண்டுவந்தேன். அதற்கு மேல் அவர் நகரவில்லை. யாரையாவது கூப்பிட்டிருந்தால் ஜனங்கள் திமுதிமுவென்று ஓடி வந்து அந்தப் பட்டையை மிதித்திருப்பார்கள். பந்தல் போடுகிறவர்கள் எப்படி நடப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காரில் மற்றப் பட்டைகள் எல்லாம் நல்ல நிலையில் இருந்தன. என்னுடையதைவிட நன்றாக. யாரும் இல்லாத நேரம். நான் ஒன்றையும் தொடவில்லை. எனக்குக் கொடுத்ததை மட்டும்தான் எடுத்துக்கொண்டேன். அதே துண்டில் சுற்றி, டட்சனின் பின்சீட்டில் வைத்து, கிள்ளான் வழியாக வீட்டுக்கு வந்தேன். வழியில் நிறுத்தி ஒரு தோசை சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகப் பட்டையைக் கழுவினேன். இரத்தத்திலும் உப்பு உண்டு.

நீங்கள் வரும்வரை நான் எங்கும் ஓடவில்லை. போர்ச்சிலேயேதான் இருந்தேன். அந்தக் கல்யாணம் நின்றுபோனதாகப் பத்திரிகையில் பார்த்தேன். வருத்தமாக இருந்தது. அந்தப் பெண்ணின் அம்மாவுடைய ஆசை. கன்னையா நான் சொன்னதைக் கேட்டுக் கை வைக்காமல் இருந்திருந்தால், அவர் மகளுக்கு இந்த நிலைமை வந்திருக்காது. பெற்றவர்கள் இதையெல்லாம் யோசிக்க வேண்டும்.

பட்டை என் கையில் நன்றாகவே வந்தது. நடு மடிப்புக்குத்தான் அதிக நேரம் பிடித்தது. தகட்டைச் சூடு காட்டி, பின்பக்கத்திலிருந்து தட்டினேன். சுத்தியல் பட்டால் காது கேட்க வேண்டும், இன்னும் பள்ளமா, போதுமா என்று. கீறலை அரத்தால் இறக்கினேன். அவர் கை விழுந்த இடத்தில் ஒரு சின்ன அமுக்கம் இருந்தது. அதையும் எடுத்துவிட்டேன். பழைய கிளிப்புகளிலேயே மாட்டினேன். வெள்ளிக்கோடு முன்விளக்கிலிருந்து வால்விளக்கு வரை ஒரே ஓட்டமாக ஓடுகிறது. உங்கள் ஆட்கள் அதைச் சாட்சிப் பொருள் என்று கழற்றப் போனபோது, எந்தக் கதவிலிருக்கிற பட்டை அது என்று என்னிடம்தான் கேட்டார்கள்.

இன்னும் கழற்றவில்லை என்றால், அதற்கு முன்னால் ஒரு தடவை தனலெட்சுமியைக் கூட்டி வந்து காட்டுங்கள், இன்ஸ்பெக்டர். அவள் அப்பா நெளித்த இடம் எது என்று அவளாலேயே சொல்ல முடியாது. பார்த்தால் அந்தப் பிள்ளைக்கு மனசு ஆறிவிடும்.